ஊர் பார்க்க வேன் எதற்கு? டவுன் பஸ் போதும்!

ஊர் பார்க்கப் புறப்பட்டால் முதலில் என்ன செய்கிறோம்?

வேனுக்குச் சொல்லி அனுப்புகிறோம்!

வேன் வருகிறது. பாட்டி முதல் பேரன் வரை ஏறி உட்காருகிறார்கள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாம் முடிவு செய்வது இல்லை. டிரைவர் முடிவு செய்கிறார். அவர் நிறுத்திய இடத்தில் இறங்குகிறோம். அவர் காட்டிய கடையில் பாசிமணி வாங்குகிறோம். அவர் சொன்ன ஓட்டலில் சாப்பிடுகிறோம்.

மாலையில் வீடு திரும்பும்போது பணப்பை காலி.

"என்ன பார்த்தாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். "வேனில் சினிமா பார்த்தேன்" என்று சொல்லும்!

இது நம் ஊரில் மட்டும் நடப்பது அல்ல. லட்சக்கணக்கில் பணம் கட்டி, கப்பலில் உலகம் சுற்றுகிறவர்களும் இப்படித்தான் ஊர் பார்க்கிறார்கள்.

அதில் ஒரு சிலர் மட்டும் வேறு வழியில் போகிறார்கள். அவர்கள் செய்வதை நாமும் செய்யலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மிதக்கும் ஓட்டல்

உல்லாசக் கப்பல் என்பது தண்ணீரில் மிதக்கும் பெரிய ஓட்டல். சாப்பாடு உள்ளே. தூக்கம் உள்ளே. ஆட்டம் பாட்டம் எல்லாம் உள்ளே.

கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடும். காலையில் ஒரு துறைமுகத்தில் வந்து நிற்கும். மாலையில் புறப்பட்டுவிடும். ஊர் பார்க்க ஒரு பகல்தான் நேரம்.

நமக்குப் பக்கத்தில் கொச்சித் துறைமுகத்துக்கு இப்படிப்பட்ட கப்பல்கள் வருகின்றன. இலங்கையில் கொழும்புக்கும் வருகின்றன.

கப்பல் நின்றதும், கப்பல் கம்பெனியே ஊர் சுற்றிக் காட்ட பஸ் வைத்து இருக்கும். அதற்குத் தனிக் கட்டணம். பயணிகள் பஸ்சில் ஏறுவார்கள். நான்கு இடத்தில் இறங்குவார்கள். படம் எடுப்பார்கள். ஒரு கடையில் சாமான் வாங்குவார்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அவர்கள் வந்து போனதால் அந்த ஊருக்கு என்ன கிடைத்தது? டீக்கடைக்காரருக்கு ஒன்றும் இல்லை. படகு ஓட்டுகிறவருக்கு ஒன்றும் இல்லை. பழம் விற்கும் அம்மாளுக்கும் ஒன்றும் இல்லை. உலகத்தின் பல துறைமுக ஊர்களில் இந்த மனக்குறை உண்டு.

ஆனால், வேறு சிலர் இருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? அவர்கள் கப்பல் பஸ்சில் ஏறுவது இல்லை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில். பையில் ஒரு சீட்டு. அதில் நான்கு இடங்களின் பெயர். தாங்களே நடந்து, பஸ் ஏறி, படகு ஏறி ஊர் பார்க்கிறார்கள்.

கொச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எர்ணாகுளத்தில் இருந்து கோட்டைக் கொச்சிக்கு அரசுப் படகு ஓடுகிறது. கட்டணம் ஒரு டீ விலைக்குள் அடங்கிவிடும். 2023-ம் ஆண்டு முதல் "வாட்டர் மெட்ரோ" என்னும் புதிய படகுகளும் ஓடுகின்றன. கரை இறங்கினால் சீன வலைகள். சிறிது தூரத்தில் பழைய மாதா கோவில்கள். அப்பால் மட்டாஞ்சேரி அரண்மனை. எல்லாம் நடந்தும், ஆட்டோவிலும் பார்க்கக்கூடியவை.

கப்பல் காத்திராது!

தானாக ஊர் சுற்றுகிறவருக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் ஒரு கண்டிப்பும் உண்டு.

கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்த பஸ் தாமதமாக வந்தால், பெரும்பாலும் கப்பல் காத்து நிற்கும். தானாகப் போனவர் தாமதமாக வந்தால் நிற்காது. கரையில் நின்று கையை ஆட்ட வேண்டியதுதான்!

ஆகவே, அப்படிப் போகிறவர்கள் மூன்று விதிகளை வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் விதி: எந்த இடம் எப்போது மூடும் என்று தெரிந்துகொண்டு புறப்படு. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அது தெரியாமல் வெள்ளியன்று போனால், பூட்டைத்தான் பார்க்கலாம்.

இரண்டாவது விதி: தூரத்தில் உள்ளதை முதலில் பார். திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளதைக் கடைசியில் பார்.

மூன்றாவது விதி: எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதே. மூன்று அல்லது நான்கு இடம் போதும்.

இந்த மூன்று விதிகளுக்கும் காசு வேண்டாம். கப்பலும் வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

எங்கே? கன்னியாகுமரி முனையிலா? அங்கே எல்லோரும் போகிறோம். சூரிய உதயம் பார்க்கிறோம். படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்குப் போகிறோம். 133 அடி உயர வள்ளுவர் சிலையைப் பார்க்கிறோம். 2024-ம் ஆண்டு டிசம்பரில் இரண்டு பாறைகளையும் இணைத்துக் கண்ணாடிப் பாலமும் வந்துவிட்டது. எல்லாம் பார்க்க வேண்டியவைதான்.

ஆனால் நான் சொல்லும் துறைமுகம் வேறு. அதன் பெயர் குளச்சல்!

கொச்சியில் வென்றவர், குளச்சலில் தோற்றார்

குளச்சலில் இன்று உல்லாசக் கப்பல் நிற்பது இல்லை. அது மீன்பிடிக்கும் ஊர். ஆனால் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இருந்து வந்த கப்பல்கள் அதன் மீது கண் வைத்தன.

டச்சுக்காரர்கள் கதை உங்களுக்குத் தெரிந்து இருக்கும். ஹாலந்து நாட்டு வியாபாரிகள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ம் ஆண்டு ஏற்பட்டது. நம் நாட்டு மிளகு மீது அவர்களுக்கு அவ்வளவு ஆசை!

1663-ம் ஆண்டு அவர்கள் போர்த்துக்கீசியரிடம் இருந்து கொச்சியைப் பிடித்தார்கள். மட்டாஞ்சேரி அரண்மனையைப் பழுது பார்த்தார்கள். அதனால்தான் அதை இன்றும் "டச்சு அரண்மனை" என்கிறார்கள்.

கொச்சிக்குத் தெற்கே திருவிதாங்கூர். அங்கே 1729-ம் ஆண்டு மார்த்தாண்ட வர்மா மன்னர் ஆனார். அவர் அக்கம் பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சிற்றரசுகளில் விளைந்த மிளகைத்தான் டச்சுக்காரர்கள் வாங்கி வந்தார்கள். வியாபாரம் போய்விடுமே என்று அவர்களுக்குக் கோபம் வந்தது.

1741-ம் ஆண்டு இலங்கையில் இருந்து டச்சுப் படை கப்பலில் வந்து குளச்சலில் இறங்கியது. கரையில் அரண் அமைத்துக்கொண்டது. மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டச்சுப் படை தோற்றுச் சரண் அடைந்தது.

இதைப்பற்றி ஒரு கதையும் சொல்வார்கள். கரையில் படைவீரர் குறைவாக இருந்தார்களாம். மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்களாம். கடலில் இருந்து பார்த்த டச்சுக்காரர்கள், அவை துப்பாக்கிகள் என்று நினைத்துப் பயந்தார்களாம்! கதையோ, நிஜமோ, குளச்சல் மீனவர்களுக்கு அதில் பெருமை உண்டு. ஏன் இருக்கக்கூடாது?

அதன் பிறகு டச்சுக்காரர்களால் திருவிதாங்கூரில் தலை எடுக்க முடியவில்லை. 1753-ம் ஆண்டு மாவேலிக்கரையில் உடன்படிக்கை செய்துகொண்டு ஒதுங்கினார்கள்.

கொச்சிக்குக் கப்பலில் வரும் வெள்ளைக்காரப் பயணிகள், டச்சுக்காரர் வென்ற ஊரைப் பார்க்கிறார்கள். அவர்கள் தோற்ற ஊர் நம் பக்கத்தில் இருக்கிறது. நாமாவது அதைப் பார்க்க வேண்டாமா?

ஒரே நாள், நாலு இடம்

நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்தில் இருந்து புறப்படுங்கள். குளச்சலுக்கு பஸ் உண்டு. சுமார் ஒரு மணி நேரப் பயணம்.

காலையிலேயே போய்விடுங்கள். வள்ளங்கள் கரை சேரும் நேரம் அது. சாளை, நெத்திலி, அயலை என்று மீன்கள் வந்து குவியும். ஏலம் நடக்கும். ஏலம் போடுகிறவர் சொல்லும் வேகத்துக்கு நம்மால் எண்ண முடியாது! பெண்கள் கடவத்தில் மீனை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு விரைவார்கள். டவுன் பிள்ளைகளுக்கு இது பெரிய பள்ளிக்கூடம்.

கடற்கரைக்குப் பக்கத்தில் போர் வெற்றித் தூண் நிற்கிறது. கல் தூண்தான். உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஓர் ஐரோப்பிய வல்லரசின் படை நம் மன்னரிடம் தோற்றதற்கு அது சாட்சி.

நான் அங்கே போனபோது ஒரு டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்கார அம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே, "தூண் பாக்க வந்தியளா மக்கா? வேன்ல வாறவங்க இங்க இறங்கவே மாட்டாங்க. நேரே போயிருவாங்க" என்றார்.

பஸ்சில் வந்ததால்தான் அந்த டீ எனக்குக் கிடைத்தது. அவருக்கும் அன்று ஒரு டீ விற்றது.

குளச்சலுக்கு வேறு ஒரு துயரமும் உண்டு. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தபோது, இந்த மாவட்டத்தில் மிகவும் அடிபட்ட ஊர்களில் இது ஒன்று. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மீண்டும் எழுந்து நிற்கும் ஊர் இது. அங்கே போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

அரண்மனையும் கோட்டையும்

குளச்சலில் இருந்து தக்கலைக்கு பஸ் ஏறுங்கள். தக்கலையில் இருந்து பத்மநாபபுரம் அரண்மனை சுமார் 2 கிலோ மீட்டர்தான். நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம். முடியாதவர்களுக்கு ஆட்டோ இருக்கிறது.

குளச்சலில் வென்ற மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை இது. 1795-ம் ஆண்டு வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கேதான் இருந்தது. பிறகு திருவனந்தபுரத்துக்குப் போனது.

ஒரு வேடிக்கை. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரள அரசுதான்.

அரண்மனை முழுவதும் மர வேலைப்பாடு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கறுப்புக் கண்ணாடி போல மின்னும் தரையில் கால் வைத்தால் குளுகுளு என்று இருக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று சொல்கிறார்கள். பலவகை மூலிகை மரங்களில் செய்த கட்டில் ஒன்று இருக்கிறது. அது டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசு என்கிறார்கள். சண்டை போட்டவர்களே கட்டில் கொடுத்தார்கள் என்றால், வியாபாரி என்பவன் லேசுப்பட்டவன் அல்ல!

இங்கேதான் முதல் விதியை மறக்கக்கூடாது. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மதியம் இடைவேளை உண்டு. ஆகவே காலை 11 மணிக்குள் போய்விடுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. காமிராவுக்குத் தனிக் கட்டணம்.

அரண்மனை பார்த்த பிறகு புலியூர்க்குறிச்சிக்கு வாருங்கள். நாகர்கோவில் - திருவனந்தபுரம் சாலையில், தக்கலைக்கு மிகவும் பக்கம். அங்கே உதயகிரிக் கோட்டை இருக்கிறது.

குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி ஒருவர் கதை இங்கே முடிகிறது. அவர் பெயர் டிலனாய். தோற்ற தளபதியை மார்த்தாண்ட வர்மா கொல்லவில்லை. "என் படைக்குப் பயிற்சி கொடு" என்று வேலை கொடுத்தார்! டிலனாய் திருவிதாங்கூர் படையை ஐரோப்பிய முறையில் பழக்கினார். "வலிய கப்பித்தான்" என்ற பட்டம் பெற்றார். 1777-ம் ஆண்டு இறக்கும் வரை நாடு திரும்பவே இல்லை.

அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லறை மேல் லத்தீன் எழுத்தும் இருக்கிறது, தமிழ் எழுத்தும் இருக்கிறது. ஐரோப்பாவில் பிறந்தவன் கல்லறையில் நம் எழுத்து! உங்கள் பிள்ளையை அதை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

கோட்டாறில் முடியுங்கள்

புலியூர்க்குறிச்சியில் இருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுங்கள். கடைசி இடம் கோட்டாறு.

பத்மநாபபுரம் அரண்மனையில் நீலகண்ட பிள்ளை என்று ஓர் அதிகாரி வேலை பார்த்தார். டிலனாய்க்கு நண்பர். அவர் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745-ம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்று "தேவசகாயம்" ஆனார். 1752-ம் ஆண்டு ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ம் ஆண்டு மே 15-ந்தேதி வாடிகனில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்ட இடம் கோட்டாறு புனித சவேரியார் பேராலயம்.

நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி. குளச்சலில் தொடங்கிய கதை கோட்டாறில் முடிகிறது. கடற்கரை, அரண்மனை, கோட்டை, கல்லறை - நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கதை. தனித்தனியாகப் பார்த்தால் வெறும் கல்லும் மரமும்தான்.

வெளியூரில் இருந்து ரெயிலில் வருகிறவர்களுக்கு இன்னொரு வசதி. நாகர்கோவில் சந்திப்பு ரெயில் நிலையம் கோட்டாறில்தான் இருக்கிறது. கப்பல் பயணிகளின் இரண்டாவது விதி ஞாபகம் இருக்கிறதா? திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளதைக் கடைசியில் பார்!

செலவு எவ்வளவு?

அப்பா, அம்மா, பாட்டி, மகன், மகள் - ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு மே மாதம் முதல், சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அந்த பஸ் கிடைத்தால் அம்மாவுக்கும், பாட்டிக்கும், மகளுக்கும் டிக்கெட் பணம் மிச்சம். அப்பாவும் மகனும் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். எல்லா பஸ்சும் அப்படி அல்ல. ஏறும் முன் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் கட்டணம், அரண்மனை, கோட்டை நுழைவுக் கட்டணம், தேவைப்பட்டால் ஓர் ஆட்டோ. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வேன் வாடகையில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது.

சாப்பாடு? காலையில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போகலாம். அல்லது தக்கலைப் பக்கம் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடலாம். மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு ரசவடை இருக்கிறது, பழம்பொரி இருக்கிறது. மட்டிப்பழம் வாங்க மறக்காதீர்கள். சின்னப் பழம், நல்ல மணம். 2023-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருக்கிறது.

நீங்கள் செலவு செய்வது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமும் கிழங்கு அவிக்கிறவர் கைக்கும், பழம் விற்கிறவர் கைக்கும் நேராகப் போகிறது. நடுவில் கமிஷன் இல்லை.

"எங்களால் முடியாது" என்கிறீர்களா?

"குழந்தையை வைத்துக்கொண்டு பஸ்சில் எப்படிப் போவது?" என்று சிலர் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. கூட்டம் உள்ள காலை 8 மணி முதல் 9.30 மணி வரை பஸ் ஏறாதீர்கள். அந்த நேரம் நீங்கள் குளச்சல் கரையில் இருந்தால், பள்ளிக்கூடக் கூட்டத்தில் சிக்க வேண்டியது இல்லை. பாட்டிக்கு முழங்கால் வலியா? நான்கு இடத்தை இரண்டு ஆக்குங்கள். மீதி அடுத்த மாதம். அரண்மனை ஓடிப்போகாது!

"பெண்கள் தனியாகப் போகலாமா?" என்றும் கேட்பார்கள்.

பகலில், பஸ் ஓடும் சாலையில், நாலு பெண்கள் சேர்ந்து போவதற்கு என்ன பயம்? கப்பலில் வரும் வெளிநாட்டு அம்மாள்கள் மொழி தெரியாத ஊரில் தனியே சுற்றுகிறார்கள். நமக்கு மொழி தெரியும். வழி தெரியாவிட்டால் கேட்க வாய் இருக்கிறது. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்!

சமையல் அறைக்கும் கோவிலுக்கும் நடுவிலேயே வாழ்நாள் முழுவதையும் கழித்த தாய்மார்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? சொந்த மாவட்டத்துக் கடற்கரையைப் பார்க்காதவர்கள் எத்தனை பேர்? "வேன் பிடிக்கக் காசு இல்லை" என்பது அவர்களைப் பூட்டி வைக்கும் ஒரு பூட்டு. டவுன் பஸ் அதற்குச் சாவி.

வேன் ஓட்டுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் பிழைக்க வேண்டும். நடக்க முடியாத முதியவர்களுக்கும், பெரிய கூட்டத்துக்கும் வேன் வேண்டியதுதான். ஆனால் வேன் கிடைத்தால்தான் ஊர் பார்க்கலாம் என்று நினைப்பது தவறு.

கடலிடம் விளையாடாதீர்கள்

ஓர் எச்சரிக்கை. இதைத் தயவு செய்து மறக்க வேண்டாம்.

நம் மேற்குக் கடற்கரை அழகானது. ஆனால் அலை பொல்லாதது. வானம் தெளிவாக இருக்கும்போதே பேரலை வரும். "கள்ளக்கடல்" என்று மீனவர்கள் சொல்வது அதைத்தான். 2024-ம் ஆண்டு மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். படித்த பிள்ளைகள். ஐந்து வீடுகளில் விளக்கு அணைந்தது.

மீனவர் "இறங்காதே" என்று சொன்னால் இறங்காதீர்கள். அவர்களுக்குக் கடலைத் தெரியும். ஜூன், ஜூலை மாதங்களில் கடல் இன்னும் கொந்தளிக்கும். அப்போது விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. மீன் ஏலம் நன்றாகப் பார்க்க மற்ற மாதங்களே நல்லவை.

வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கும் முன், "எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வலை காயும் இடத்தில் மிதிக்காதீர்கள். பிளாஸ்டிக் குப்பையை உங்கள் பையிலேயே திரும்பக் கொண்டு வாருங்கள். அது அவர்களுடைய வீட்டு முற்றம்.

அரசு செய்ய வேண்டியது

மக்கள் பஸ்சில் வந்து ஊர் பார்க்க வேண்டும் என்றால், அரசும் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

ஒன்று: குளச்சல், தக்கலை, புலியூர்க்குறிச்சி பஸ் நிறுத்தங்களில், "வெற்றித் தூணுக்கு வழி", "அரண்மனைக்கு வழி", "கோட்டைக்கு வழி" என்று பெரிய தமிழ் எழுத்தில் பலகை வேண்டும். பஸ் நேரத்தையும் அதில் எழுத வேண்டும். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவரும் படிக்கும்படி அது இருக்க வேண்டும்.

இரண்டு: பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். இது இல்லாததால்தான் பல தாய்மார்கள் பயணத்தையே வெறுக்கிறார்கள். பலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுவதும் தவிக்கிறார்கள். வெளியே சொல்லாத கஷ்டம் இது.

மூன்று: ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவில் - குளச்சல் - தக்கலை - நாகர்கோவில் என்று சுற்றி வரும் பஸ் ஒன்று விடலாம். காலையில் ஒரு டிக்கெட் எடுத்தால், எங்கும் இறங்கி, எதிலும் ஏறலாம் என்று வைக்கலாம். வெளிநாட்டுப் பெரிய நகரங்களில் இப்படிப்பட்ட பஸ்கள் ஓடுகின்றன. இங்கே ஓடக்கூடாதா?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கோடி ரூபாய் கட்டிடமும் வேண்டாம். பலகை, கழிப்பறை, பஸ். அவ்வளவுதான்.

அதுவரை காத்து இருக்க வேண்டுமா? வேண்டாம். இப்போது ஓடுகிற பஸ்சே போதும்.

இன்று இரவு பிள்ளைகளை உட்கார வைத்துக் குளச்சல் போர்க் கதையைச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் நான்கு இடங்களின் பெயரை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு, விடிந்ததும் பஸ் நிலையத்துக்குக் கிளம்புங்கள்.

மறந்துவிடாதீர்கள்: திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அரண்மனை பூட்டி இருக்கும்!